வேளை பார்த்து வண்டி எடு

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்களுக்குப் பெரம்பலூர் என்பது வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கிற ஊர். நாற்கரச் சாலை வந்த பிறகு அதுவும் இல்லை. ஊருக்கு வெளியிலேயே பறந்துவிடுகிறார்கள். இந்த ஊரையும் பக்கத்து அரியலூரையும் சுற்றிக் காட்டியே முப்பது வருஷத்துக்கு மேல் பிழைத்துவிட்டேன் என்று சொன்னால், "அங்க பாக்க என்னங்க இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

மேற்கே பச்சைமலை இருக்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் ஒரு காலத்தில் கடல் கிடந்த தரை இருக்கிறது. கல்லாகிப்போன மரம், கோட்டை, பறவை வந்திறங்கும் ஏரி, ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் எல்லாம் உண்டு. ஆனால் ஊட்டியைப் போல எந்த மாதம் போனாலும் காட்சி தருகிற இடங்கள் இல்லை இவை. அருவிக்கு ஒரு மாதம், ஏரிக்கு ஒரு மாதம், அம்மனுக்கு ஒரு கிழமை, செம்மண் மேட்டுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு உண்டு. கணக்குத் தப்பினால் வெறுங்காட்டைத்தான் பார்த்துவிட்டுப் போக வேண்டும். வண்டி ஓட்ட யாரும் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்வதுதான் தொழில்.

எனக்கு முதலில் பாடம் சொன்னவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், கல் பார்க்க வந்தவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெட்டடார் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பெரம்பலூர் தனி மாவட்டம்கூட ஆகவில்லை, எல்லாமே திருச்சி மாவட்டம். கல்லூரிகளிலிருந்து புவியியல் மாணவர்கள் கூட்டமாக வருவார்கள். கையில் சுத்தியல், கழுத்தில் லென்ஸ், தலையில் துண்டு. ஓடைக்கரையில் இறக்கிவிட்டால் மதியம் வரை திரும்ப மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

அவர்களுடைய பேராசிரியர் பாறை அடுக்குகளை வரிசையாகச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர். டவுன் பஸ் போர்டைப் படிப்பது போலவே இருந்தது. "சிரிக்காதீங்க தம்பி, இந்தப் பேரெல்லாம் லண்டன்ல போய்ச் சொன்னாலும் தெரியும்" என்றார். 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற வெள்ளைக்காரர் இந்தப் பகுதியை நடந்து அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தாராம். இன்றைக்கும் அந்தப் பிரிவுதான் அடிப்படை. பதினோரு கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் உள்ளே வந்து, ஏறியும் இறங்கியும் கோடிக்கணக்கான வருஷம் இங்கே கிடந்திருக்கிறது. அது விட்டுப்போன சேறும் மணலும் சிப்பியும்தான் நாங்கள் வண்டி ஓட்டுகிற தரை. நரிமணம் பக்கத்தில் எண்ணெய்க்காக மிக ஆழத்தில் துளை போட்டுத் தொடுகிற காலத்துப் பாறைகள் இங்கே வெயில் காய்கின்றன. எண்ணெய்த் துறை ஆட்கள் இன்றும் இங்கே வந்து கற்றுக்கொண்டு போவது அதனால்தான்.

காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவில் இருக்கிற செம்மண் மேடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை அறுத்து அறுத்து, ஆள் உயரத்துக்கு வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்து கிடக்கும். நடுவில் ஜிப்சம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். குனிந்து பார்த்தால் விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா கணக்காகக் கற்கள் கிடக்கும். அதுதான் பெலம்நைட். கணவாய் மீனுக்கு உறவான ஒரு கடல் பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பாகம். உடைந்த இடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், நடுவிலிருந்து ஓரம் வரை மெல்லிய கோடுகள் விரிந்திருக்கும்.

இதை எப்போது போய்ப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். மழை பெய்யும்போது போனால் களிமண் செருப்பைப் பிடித்து உருவிவிடும், வண்டி சறுக்கும். கோடையில் உச்சிவெயிலில் போனால் நிழல் என்று ஒரு முள்மரம்கூடக் கைகொடுக்காது, மயக்கம் போட்டு விழுந்தவர்களைத் தூக்கி வந்திருக்கிறேன். மழை விட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். தரை இறுகியிருக்கும், மழை கழுவிவிட்டதில் புதிதாகப் பல கற்கள் மேலே வந்திருக்கும், சாய்வெயிலில் ஒவ்வொரு மேடும் தனித்தனியாகத் தெரியும். எட்டரைக்கு மேல் எல்லாம் ஒரே சிவப்பாகத் தட்டையாகிவிடும்.

முன்பெல்லாம் அங்கே ஆடு மேய்க்கிறவர்களும் நாங்களும்தான். இப்போது கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்க வருகிறார்கள், ரீல்ஸ் எடுக்க வருகிறார்கள். வரட்டும். கல்லை அள்ளிக்கொண்டு போவதுதான் எனக்கு ஆகாது. ஒரு தடவை வேனின் பின்பக்கம் இறங்கியிருப்பது போலத் தெரிந்து திறந்து பார்த்தால், சாக்குப் பையில் கல்லாகக் கட்டி வைத்திருந்தார்கள். கொட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். "ஒரு கல்லுதானேண்ணே" என்பார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கல் என்றால், வாய்க்காலில் பெலம்நைட் எத்தனை நாளைக்கு மிஞ்சும்? படம் எடுத்துக்கொள்ளுங்கள், கையில் வைத்துப் பாருங்கள், கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வண்டியில் ஏறும்போதே இதைச் சொல்லிவிடுவேன்.

அரியலூர் பக்கம் கல்லமேட்டுக்கு ஆய்வாளர்களைக் கூட்டிப்போனதில் ஒரு வித்தை தெரிந்துகொண்டேன். எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். புதைந்த எலும்பில் நுண்துளைகள் உண்டு, அது ஈரத்தை இழுக்கும், நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் சாதாரணக் கல். எனக்கும் கொடுத்தார்கள். ஒட்டியது. ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முந்திய ஏதோ ஒரு மிருகத்தின் எலும்பு என்றார்கள். அன்று மதியச் சாப்பாட்டில் எனக்கு ருசியே தெரியவில்லை.

அதே கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளுக்கு 1980களின் கடைசியில் யாதகிரி, அய்யசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரப் பல்லி என்று அர்த்தம். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று பேச்சு. ஆனால் காட்டுவதற்கு எலும்பு இல்லை. அந்தக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். எலும்பு அங்கேயே நொறுங்க ஆரம்பித்து, மிச்சமில்லாமல் போய்விட்டது. அது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கும் என்று வாதம் செய்தவர்களும் உண்டு. அங்கே நின்றுகொண்டு இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். வெறும் மேட்டைக் காட்டுவதற்கு இந்தக் கதை போதும்.

சாத்தனூர் கல்மரம் இதற்கு நேர்மாறு. பொருள் கண்முன்னால் இருக்கிறது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு மனசு நிறைவதில்லை. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் உலகத்துக்குச் சொன்ன மரம். பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம். பன்னிரண்டு கோடி வருஷம் என்று அங்கே பலகை சொல்கிறது. தேசியப் புவியியல் சின்னம். 'தேசியக் கல்மரப் பூங்கா' என்று கேள்விப்பட்டு, மானும் மயிலும் ஊஞ்சலும் இருக்கும் என்று குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். வேலிக்குள் நீளமாகக் கிடக்கிற கல்லைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, வரிசையை மாற்றியது. நேராகச் சாத்தனூருக்குப் போக மாட்டேன். முதலில் காரை. அங்கே சிப்பியும் பெலம்நைட்டும் பார்த்து, இது கடல்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகுதான் கல்மரத்துக்கு வண்டியைத் திருப்புவேன். "கடலுக்குள்ள மரம் எப்படி வந்துச்சு?" என்று வழியிலேயே கேட்டுவிடுவேன். ஆறு அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். மிதந்து வந்து, ஊறி, முழுகி, சேற்றுக்குள் மூடிக்கொண்டது. காற்றுப் படாததால் மட்கவில்லை, தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நாரிலெல்லாம் ஏறிக் கல்லாக்கிவிட்டது. அப்படித் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் கிளை முறிந்த கணுவைத் தேடுவார்கள். வரி ஓடுகிற திசையைப் பார்ப்பார்கள். இந்த மரம் நின்ற காலத்தில் பூக்கிற மரமே அபூர்வம், இது ஊசியிலை மர வகை என்று நான் சொல்வதை நின்று கேட்பார்கள். கடலைக் காட்டிவிட்டு மரத்தைக் காட்டு. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வெயில் ஏறிவிட்டால் அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்விடலாம். மதியம் கூரைக்குள் நின்று பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் தோண்டும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று செல்போனில் பரவிவிட்டது. எனக்கு ஓயாமல் போன். "அண்ணே, முட்டையக் காட்டணும், எவ்வளவு ஆகும்?" ஆய்வாளர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளைச் சுற்றித் தாதுப் படிந்து உருண்டு இறுகிய கற்கள் என்றார்கள். அப்படிச் சொன்னதும் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் வந்தவர்களிடம் உடைந்த உருண்டை ஒன்றின் உள்ளே வெங்காயத் தோல் மாதிரி அடுக்கு இருப்பதைக் காட்டினேன். முட்டை என்று நம்பி வந்தவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத்தான் போனார்கள்.

இந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் அரியலூருக்குச் சோறு போடுகிறது. டால்மியாபுரத்தில் 1939-இல் தொடங்கி, சுற்றி எங்கும் சிமெண்ட் ஆலைகள். சுரங்கம் தோண்டத் தோண்ட நல்ல நல்ல படிவங்கள் வெளியே வருகின்றன, அதே வேகத்தில் அரைபட்டும் போகின்றன. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையில் சுற்றுலா வண்டி ஓட்டுவது தனிப் பாடம். காலை ஷிப்ட் மாறுகிற நேரத்திலும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் அந்தப் பக்கம் போகாதபடி திட்டம் போட்டுக்கொள்வேன்.

பச்சைமலை வேறு உலகம். பெரம்பலூரில் மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். ஆனால் வண்டியில் மேலே போக வேண்டும் என்றால் துறையூர் சுற்றி, சோபனபுரம் வனத்துறைச் சாவடியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போக வேண்டும். திருச்சி, பெரம்பலூர், சேலம் மூன்று மாவட்டத்துக்கும் பங்குள்ள மலை. மேலே இருக்கிறவர்கள் மலையாளிப் பழங்குடிகள். அண்ணன் தம்பி மூன்று பேர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை என்று மூன்று மலைக்குப் பிரிந்து போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்கிற கதை. வண்ணாடு, தென்பரநாடு என்று மலையை நாடு நாடாகத்தான் பேசுவார்கள். மரவள்ளி, முந்திரி, பலா. மரவள்ளி மூட்டை ஏற்றிய லாரி எதிரே வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்ற சட்டமெல்லாம் அங்கே செல்லாது. யாருக்கு ஒதுங்க இடம் இருக்கிறதோ அவர் ஒதுங்க வேண்டும்.

மலையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் சாப்பாட்டில்தான். ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மதியம் போய், ஒரு வீட்டு வாசலில் நின்று சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டேன். அந்த அம்மா திண்ணையில் பலாக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, பத்துப் பேருக்குச் சோறாக்கணும்னா அரிசி கீழருந்துதான் வரணும். நேத்தே சொல்லிவிட்டிருந்தா ஆக்கி வச்சிருப்பேன்ல" என்றார். இருந்த கேழ்வரகுக் களியையும் கீரையையும் எல்லோருக்கும் பகிர்ந்து வைத்தார். காசு கொடுத்தபோது, "சமைக்காத சோத்துக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டு வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து முதல் நாளே மேலே பஸ்ஸில் ஆள் மூலம் சொல்லி அனுப்புவேன். இப்போது போன் இருக்கிறது, ஆனால் எல்லா வீட்டிலும் சிக்னல் கிடைக்காது. பஸ் கண்டக்டர்தான் இன்னும் நம்பகம்.

அருவிகள் மழைக்கால விருந்தாளிகள். மங்களம் அருவி, லாடபுரம் பக்கத்து மயிலூற்று, தொண்டமாந்துறையிலிருந்து நடந்து போகிற கோரையாறு எல்லாமே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும், மார்கழியில் அடங்கி அழகாக விழும், மாசியில் பாறை ஈரமாக இருக்கும், சித்திரையில் பாறை மட்டும்தான் இருக்கும். பள்ளி விடுமுறை என்று சித்திரையில் அருவி பார்க்க வருகிறவர்களுக்கு மலை வேண்டுமானால் காட்டுகிறேன், அருவி காட்ட முடியாது என்று சொல்லிவிடுவேன். மேலே மழை பெய்துகொண்டிருந்தால் கார்த்திகையிலும் கூட்டிப்போக மாட்டேன். கீழே வெயிலாக இருக்கும்போதே திடீரென்று வெள்ளம் இறங்கும். அப்போது வனத்துறை தடை போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

போன் மேப் வந்த பிறகு எங்களுக்கு வேலை குறையும் என்று நினைத்தோம். குறையவில்லை. கோரையாறு என்று போட்டால் மேப் கோடு காட்டுகிறது, ஆனால் அந்தக் கோட்டில் பாதி மாட்டு வண்டித் தடம். ஒரு கார் இருட்டுகிற நேரத்தில் ஓடை மணலில் பின் சக்கரம் புதைந்து நின்றது. ஊர்க்காரர்கள் டிராக்டர் கொண்டு வந்து இழுத்தார்கள். வண்டிக்காரர், "இன்னும் எண்ணூறு மீட்டர்னுதான் காட்டுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணூறு மீட்டர் சரிதான், நடக்க வேண்டிய எண்ணூறு மீட்டர்.

மலையடிவாரத்துச் சின்ன ஊர்களை யாரும் கேட்டு வருவதில்லை, நான்தான் நிறுத்துவேன். அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்கிற பட்டறைகள் உண்டு. ஒரே மரத்துண்டில் சாமி, பீடம், திருவாச்சி எல்லாம் செதுக்குவார்கள். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை கேட்பவர்கள் அதிகம், உளி பிடிக்கிறவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. உட்கார்ந்து பார்த்தவர்கள் பேரம் பேசுவதில்லை. செட்டிகுளத்தில் கரும்பு ஏந்திய முருகனைப் பார்த்துவிட்டு இறங்கினால், சின்ன வெங்காயப் பட்டறைகள். தரையிலிருந்து உயர்த்தி, காற்றுப் போகிற மாதிரி படல் கட்டி, மேலே ஓலை வேய்ந்து விதை வெங்காயத்தைக் காப்பாற்றி வைப்பார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு மியூசியம்தான்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும், சில விசேஷ நாட்களிலும்தான் திறக்கும். மற்ற நாளில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம், சொல்லியும் கேட்காமல், லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்று வந்தார்கள். பாட்டிக்கு அது குலதெய்வம். பூட்டிய கதவின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பாட்டி மகனிடம் சொன்னார்: "ஆத்தாளுக்கு நம்ம லீவு தெரியாதுடா. நாளைக்கு வரைக்கும் இருப்போம்." இருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் ரஞ்சன்குடிக் கோட்டையில் ஏற்றிவிட்டேன். 1751-இல் வாலிகண்டபுரத்துப் போர் நடந்த பக்கத்தைக் கோட்டை மேலிருந்து காட்டினேன். அவர்கள் நின்ற ஒரு நாளில் எனக்கும் ஒரு நாள் வாடகை, ஊருக்கும் இரண்டு வேளை சாப்பாட்டு வியாபாரம். இந்த மாவட்டத்துக்கு வேண்டியது அந்த ஒரு ராத்திரித் தங்கல்தான் என்று எனக்கு அன்றே பட்டது.

அரியலூர் மாவட்டம் 2001-இல் வந்தது, 2002-இல் போனது, 2007-இல் மறுபடி வந்தது. எங்களுக்கு அதனால் வந்த வித்தியாசம், பார்க்க வருகிற அதிகாரிகளின் வண்டி எண்ணிக்கைதான். கங்கைகொண்ட சோழபுரம் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததுதான் பெரிய மாற்றம், வெளிநாட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 2022-இல் பொன்னியின் செல்வன் படம் வந்ததும் பழுவேட்டரையர் ஊர் எது என்று கேட்டு, மேலப்பழுவூர், கீழப்பழுவூர்க் கோயில்களுக்கும் ஆள் வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கல் தளத்தில் மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது. நாலரை மணிக்குமேல் கூட்டிப்போவேன். விமானம் அப்போதுதான் முழுசாக நிறம் மாறும்.

கரைவெட்டி ஏரியின் கணக்கு மேட்டூரில் இருக்கிறது. மேட்டூர் திறந்து, புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஏரி நிறைந்தால்தான் பறவை வரும். இமயமலை தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் உட்பட. தண்ணீர் குறைந்த வருஷங்களில் மார்கழியிலும் ஏரியில் மாடு மேயும். 1999-இல் சரணாலயம் ஆனது, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்குப் பிறகு போன் அதிகம் வருகிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இந்த வருஷம் மேட்டூர் எப்படிங்க?" சென்னைக்காரர்களுக்குக் கேள்வி புரியாது. விளக்கிச் சொல்வேன்.

ஒரே நாளில் எல்லாம் காட்ட முடியுமா என்று இன்றும் கேட்கிறார்கள். முடியாது. இரண்டு நாள் வேண்டும், மாதமும் சரியாக இருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஓட்டிப் பார்த்ததில், எல்லா வேளையும் ஒன்றுகூடுவது மார்கழிக் கடைசியும் தை முதல் பாதியும்தான். அருவியில் தண்ணீர் இருக்கும், ஏரியில் வாத்து இருக்கும், காரையில் தரை இறுகியிருக்கும். வியாழன் ராத்திரி பெரம்பலூர் வந்து தங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடியலில் காரை, வெயில் ஏறுவதற்குள் சாத்தனூர், பிறகு சிறுவாச்சூர், மதியம் வாரணவாசி, சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம். ராத்திரி அரியலூரில் தங்கினால் சனி விடிகாலை கரைவெட்டி. அங்கிருந்து துறையூர் வழியாக மலை ஏறிவிடலாம். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் மேலே மதியச் சாப்பாடு இருக்கும், வெள்ளிக்கிழமையே கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தால்.